ஓராண்டுக்கு மேல் உறுதியில்லை: சவுத் சிட்னி கிளப்பும் ரெட்ஃபெர்ன் ஹாஃப்பேக்கும்

நிகழ்வு

2021ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் ஆடும் சவுத் சிட்னி ராபிட்டோஸ் கிளப், தன் அணித்தலைவரான ஹாஃப்பேக்குக்கு அடுத்த ஓராண்டுக்கு மேல் உறுதி தர முன்வரவில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் தந்த பிரிஸ்பேன் பிராங்கோஸ் கிளப்பில் அவர் சேர்ந்தார். தொழில்முறை விளையாட்டில் அடிக்கடி நடக்கும் சங்கதிதான். ஆனால் போனவர் அந்தக் கிளப் பிறந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர். அந்தக் கிளப்போ உள்ளூர் அடையாளத்தைச் சொல்லியே ஒருமுறை உயிர் பிழைத்தது. அதனால் இதை முழுதாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

சம்பந்தப்பட்ட அனைவரும் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்களே. ஆயினும் பெயர்களை விட்டுவிட்டேன். பெயர் வந்ததும் வாசகர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். யார் எந்தப் பொறுப்பில் இருந்தார், எதைத் தீர்மானித்தார் என்பது இங்கே போதும்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக: ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் வேறு, இது வேறு. பந்தை வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறும். அந்த ஆறு வாய்ப்புக்குள் எங்கே ஓடுவது, யாருக்குத் தருவது, எப்போது உதைப்பது என்று அணியை நடத்துபவர் ஹாஃப்பேக். 7ஆம் எண் ஜெர்சி அவருடையது. தேர்ந்த ஹாஃப்பேக் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அவரை விடுவது எந்தக் கிளப்புக்கும் சிறிய முடிவாக இருக்க முடியாது.

பின்னணி: கிளப்

சவுத் சிட்னி கிளப் 1908 ஜனவரி 17 அன்று ரெட்ஃபெர்ன் நகர மண்டபத்தில் தொடங்கப்பட்டது. சிட்னி மையத்துக்குத் தெற்கே, ரயில்வே பட்டறைகளும் தொழிற்சாலைகளும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளும் நிறைந்த உழைப்பாளர் பகுதி அது. பின்னாளில் நகரத்துக்கு வந்த பழங்குடி மக்களின் வாழ்வுக்கும் அது மையமானது. அங்கிருந்து மாஸ்காட், மாரூப்ரா, லா பெரூஸ் வரை கிளப்பின் மாவட்டம் விரிகிறது. 1908 முதல் 1971 வரை 20 முறை பட்டம் வென்ற கிளப் இது.

அந்தக் காலத்தின் பெரும்பகுதியில், உள்ளூர்ப் பற்று ஒரு விதியாகவே இருந்தது. எந்த மாவட்டத்தில் வீடோ அந்த மாவட்டக் கிளப்புக்குத்தான் வீரர் ஆட முடியும். அந்த விதி போன பிறகும் வீரரின் கை கட்டப்பட்டே இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விரும்பினால் அவரை விடாமல் வைத்துக்கொள்ளலாம். பால்மெய்ன் கிளப்பின் வீரர் ஒருவர் இதை எதிர்த்து 1969 பருவம் முழுவதும் ஆடாமல் உட்கார்ந்தார், வழக்கும் தொடுத்தார். 1971இல் நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பழைய தலைமுறை ரசிகர்கள் "அந்தக் காலத்தில் வீரர்கள் விசுவாசமாக இருந்தார்கள்" என்று சொல்லும்போது இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்வது நல்லது. போக வழியில்லாதவர் தங்கியதை விசுவாசம் என்று கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வழி திறந்தபோது சவுத் சிட்னியிடம் பணம் இல்லை. 1967, 1968, 1970, 1971 பட்டங்களை வென்ற அணி சில ஆண்டுகளில் கலைந்தது. ஒரு முன்வரிசை வீரர் மேன்லி கிளப்புக்குப் போய் 1972, 1973 பட்டங்களில் ஆடினார். இன்னொருவர் பக்கத்து எதிரியான ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போய் 1974, 1975 பட்டங்களை வென்றார். கிளப்புக்கு வருமானம் தர வேண்டிய பொழுதுபோக்கு மனை கடனில் மூழ்கியிருந்த நேரம் அது. அவர்களைத் துரோகிகள் என்று இன்று எவரும் சொல்வதில்லை.

அடுத்து 1999. ரக்பி லீக்கின் கட்டுப்பாட்டுக்காக ஊடக நிறுவனங்களுக்கிடையே நடந்த "சூப்பர் லீக் போர்" 1997 டிசம்பரில் சமரசமானது. 2000ஆம் ஆண்டில் போட்டியில் 14 அணிகள் மட்டுமே இருக்கும் என்பது அந்தச் சமரசத்தின் ஒரு நிபந்தனை. 1999இல் 17 அணிகள் இருந்தன. பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் இணைந்தன. மேன்லியும் நார்த் சிட்னியும் இணைந்தன. எவருடனும் இணைய மறுத்த சவுத் சிட்னி 1999 அக்டோபர் 15 அன்று வெளியேற்றப்பட்டது. அந்தப் பருவத்தில் 17 அணிகளில் அது 12ஆம் இடம். இணைந்து தப்பிய நான்கு கிளப்புகளும் பட்டியலில் அதற்குக் கீழே இருந்தன.

அந்த அக்டோபரில் ஏறத்தாழ 40,000 பேரும், 2000 நவம்பரில் ஏறத்தாழ 80,000 பேரும் சிட்னித் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 2001 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு 2க்கு 1 என்ற கணக்கில் கிளப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002இல் கிளப் திரும்பியது. 2003இல் உயர் நீதிமன்றம் 4க்கு 1 என்று அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. சட்டப்படி கிளப் தோற்றது. ஆனால் அதற்குள் அது மைதானத்துக்கு வந்துவிட்டிருந்தது, மறுபடி வெளியே தள்ள எவரும் துணியவில்லை.

இந்த மீட்பில் வீரர்களின் பங்கு குறைவு. கிளப் இல்லாத இரண்டு பருவங்களும் அவர்கள் வேறு அணிகளுக்கு ஆடினார்கள். வேறென்ன செய்ய முடியும்? 1999இல் அங்கே ஆடிக்கொண்டிருந்த இளம் உள்ளூர் வீரர் ஒருவர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸின் வாரிசான ரூஸ்டர்ஸுக்குப் போய், 2002 பட்டத்தை வென்று, எட்டுப் பருவங்கள் கழித்து 2008இல் திரும்பினார். இடையில் கிளப்பைக் காத்தவர்கள் உறுப்பினர்களும் ஆதரவாளர்களும்தான். கிளப்பின் "நாங்கள் உள்ளூர்" என்ற உரிமைக்குரலுக்குப் பத்திரம் அவர்களிடம் இருக்கிறது. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2021இன் சச்சரவில் இது மறக்கப்பட்டது.

திரும்பிய கிளப் 2003, 2004, 2006 ஆண்டுகளில் கடைசி இடம் பிடித்தது. 2006இல் இரு தனியார் முதலீட்டாளர்கள் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு 75 சதவீதப் பங்கை வாங்க முன்வந்தார்கள். வாக்களித்த உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஒப்ப வேண்டும் என்பது விதி, ஒப்பியவர்கள் 75.8 சதவீதம். நீதிமன்றப் போராட்டத்தை நடத்திய முன்னாள் தலைவர் விற்பனையை எதிர்த்தவர்களில் முதன்மையானவர். ஆக, மக்களால் மீட்கப்பட்ட கிளப் நான்கே ஆண்டுகளில் தனியார் கைக்குப் போனது. அதன் பிறகு பணம் வந்தது, வெற்றியும் வந்தது. 2014 அக்டோபரில் கேன்டர்பரியை 30–6 என்று வென்று 43 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது.

பின்னணி: வீரர்

1990இல் பிறந்தவர்; ரெட்ஃபெர்ன் பக்கத்துப் பையன்; மாவட்ட இளையோர் ஆட்டங்கள் வழியாக மேலே வந்தவர். கிளப் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது 9. 2012இல் முதல் அணியில் ஹாஃப்பேக்காக இறங்கினார். அணியின் உதைப் பொறுப்பும் அவருடையதே. 2014இல் பட்டம் வென்ற அணியில் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். நியூ சவுத் வேல்ஸின் வட கடற்கரைப் பகுதியில் பிறந்து மெல்பர்ன் கிளப் வழியாக வந்த நட்சத்திரம் ஒருவர் இருந்தார். அந்தக் கூட்டத்தில் "இவன் நம்ம பையன்" என்று மாவட்டம் விரல் நீட்டக்கூடியவர்கள் சிலரே. அவர்களில் 7ஆம் எண்காரருக்கு மதிப்பு அதிகம். 2020 முதல் அணித்தலைவர்.

இவரோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் உண்டு. இருவரும் அதே கிளப்பின் உள்ளூர்க்காரர்கள்.

ஒருவர் மாரூப்ராவில் வளர்ந்தவர். 2014 அணியின் தலைவர். 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், எல்லாம் இந்த ஒரே கிளப்புக்கு. 34 வயதில், 2019இல் ஓய்வு பெற்றார். முப்பதைத் தாண்டிய உள்ளூர் வீரரை இந்தக் கிளப் வைத்துக்கொள்ளத் தெரியாதது அல்ல என்பதற்கு அவர் சான்று.

இன்னொருவர் இளையவர்; லா பெரூஸ் பக்கம் வளர்ந்த விங் வீரர், அதாவது மைதான ஓரத்தில் ஆடுபவர். 2020இல் கிளப் அவரைக் கைவிடும் நிலைக்கு வந்தது. மெல்பர்ன் கிளப் அவரை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தது. ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள், மைதானத்திலும் அவர் டிரைகளைக் குவித்தார் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது டிரை, அதற்கு நான்கு புள்ளி). கடைசிச் சுற்றில் ரூஸ்டர்ஸை 60–8 என்று நொறுக்கிய ஆட்டத்தில் மட்டும் ஐந்து. கிளப் முடிவை மாற்றி அவரை வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு 23 டிரைகள், 2021இல் 30, 2022இல் 30 என்று மூன்று பருவங்களிலும் போட்டியிலேயே அதிக டிரை போட்டவர் அவர்.

அதாவது, ஹாஃப்பேக்கின் ஒப்பந்தப் பேச்சு தொடங்குமுன்பே, உள்ளூர் வீரரை எடைபோடுவதில் ஒருமுறை தடுமாறித் திருந்திய அனுபவம் கிளப்பின் கையில் இருந்தது.

கவனிக்கப்பட்டவை: 2020 நவம்பர் முதல்

இந்தப் போட்டியின் விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்கு முந்தைய நவம்பர் 1 முதல் வீரர் வேறு கிளப்புகளோடு பேசலாம். கால்பந்துபோல மாற்றுத்தொகை கிடையாது. ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்காகப் பழைய கிளப்புக்கு ஒரு காசும் வராது. பருவத்தின் நடுவிலேயே "அடுத்த ஆண்டு அங்கே" என்று அறிவித்துவிட்டு, மிச்சப் பருவத்தைப் பழைய ஜெர்சியிலேயே ஆடி முடிப்பது இங்கே வழக்கம். வெளியிலிருந்து பார்க்க விசித்திரமாக இருக்கும். போகப்போகிறவர் தலைமையில் ஒரு அணி பட்டத்துக்காக மோதுகிறது. அந்த அணியின் ரசிகர்களும் அவருக்காகவே கத்துகிறார்கள்.

2021 பருவம் தொடங்கும்போது நிலைமை இது. கிளப் 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்பு தோற்றிருந்தது. ஹாஃப்பேக்குக்கு அந்த ஜூலையில் 31 வயது ஆகும். உடல் காயங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது. ஓர் இளைய ஹாஃப்பேக் வரிசையில் காத்திருந்தார். மூத்த தலைமைப் பயிற்சியாளருக்கு அதுவே கடைசி ஆண்டு. 2022இல் உதவிப் பயிற்சியாளர் பொறுப்பேற்பார் என்பது முன்பே முடிவானது.

கடைசிச் செய்தியை ஏனோ பலர் கண்டுகொள்ளவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் திருகாணி அங்கேதான் இருக்கிறது. மூத்த பயிற்சியாளர், அணித்தலைவரான ஹாஃப்பேக் என்ற இரண்டு அனுபவங்களும் ஒரே நாளில் வாசலைத் தாண்டும் நிலையைக் கிளப் தானே அமைத்துக்கொண்டது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே நியாயமாகத் தெரிந்திருக்கும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் யார் என்பதுதான் கேள்வி.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

கிளப்பின் முடிவு: ஓராண்டுக்கு மேல் உறுதி இல்லை. காரணங்கள் மறைபொருள் அல்ல: வயது, உடல்நிலை, ஊதிய உச்சவரம்பு. எல்லாக் கிளப்புகளும் வீரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய ஊதியத்துக்கு ஒரே எல்லை உண்டு. ஹாஃப்பேக்கின் பங்கு அதில் பெரியது. 33 வயதில் அவர் காயத்தில் படுத்துவிட்டால், அந்தத் தொகையை வேறு எவருக்கும் திருப்பிவிட முடியாது. இளம் வீரர் இருவரை இழக்க நேரிடும். முப்பதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்காண்டு என்று பேசுவது இதனால் பல கிளப்புகளின் நடைமுறை. கணக்காக மட்டும் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

மாரூப்ராக்காரருக்குக் கிடைத்தது இவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கும் பாதி விடை இங்கே இருக்கிறது. முன்வரிசையில் ஆடும் மூத்தவர் குறைந்த தொகைக்கு, குறைந்த நிமிடங்கள் ஆடிக்கொண்டே தங்க முடியும். ஹாஃப்பேக்குக்கு அப்படி ஒரு சரிவுப்பாதை கிடையாது. அவர் அணியை நடத்துவார், அல்லது இருக்கமாட்டார்.

வீரரின் முடிவு: மூன்றாண்டு உறுதி தரும் இடத்துக்குப் போவது. சிட்னியின் தெற்கே இருக்கும் குரொனுல்லாவும் அவரைக் கேட்டது. அங்கே போயிருந்தால் ஊரைவிட்டுப் பெயர வேண்டியதில்லை. அவர் 900 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பிரிஸ்பேனைத் தேர்ந்தார். அவர் மனக்கணக்கை நாம் ஊகிக்க வேண்டாம். பிரிஸ்பேனின் கணக்கு தெளிவானது: 2020இல் அந்தக் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்திருந்தது. திறமையான இளைஞர்கள் இருந்தார்கள். நடத்த ஆள் இல்லை. சவுத் சிட்னிக்குச் சுமையாகத் தோன்றிய வயது பிரிஸ்பேனுக்கு வாங்க வேண்டிய சரக்காக இருந்தது.

மூன்றாவது முடிவைப் பற்றி எவரும் பேசுவதில்லை, ஆனால் அதுவே இந்த நிகழ்வில் மிக நன்றாக எடுக்கப்பட்டது. போவது உறுதியான பிறகும் கிளப் அவரிடமிருந்து தலைமையைப் பறிக்கவில்லை. பயிற்சியாளர் அவரைச் சுற்றியே அணியை அமைத்தார். வெறும் பெருந்தன்மை என்று இதை எழுதிவிடலாம். பட்டம் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை என்பதும் உண்மை. எப்படியானாலும், காயப்பட்ட இரு தரப்பும் ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காக வேலை பார்த்தன.

ஆதரவாளர்களின் கோபம் பெரும்பாலும் நிர்வாகத்தின் மீதுதான் பாய்ந்தது. வீரரை எவரும் பெரிதாக ஏசவில்லை. 1970களின் பாடம் அந்த மாவட்டத்தில் எங்கோ தங்கியிருக்கிறது போலும்.

2021 பருவம்

கொரோனா காரணமாக ஜூலையில் சிட்னி அணிகள் அனைத்தும் குவீன்ஸ்லாந்துக்குப் பெயர்ந்தன. சொந்த மைதானம் இல்லை, சொந்தக் கூட்டம் இல்லை. அந்தச் சூழலில் சவுத் சிட்னி மூன்றாம் இடம் பிடித்தது. அணித்தலைவர் 1960களின் புகழ்பெற்ற உதைவீரரின் சாதனையைக் கடந்து, கிளப் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரானார். போகிறவர் மனம் ஆட்டத்தில் இருக்காது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

முதல் வாரத் தகுதி ஆட்டத்தில் பென்ரித்தை 16–10 என்றும், அரையிறுதியில் மேன்லியை 36–16 என்றும் வென்றார்கள். அக்டோபர் 3, பிரிஸ்பேனில் இறுதிப் போட்டி. எதிரே மீண்டும் பென்ரித். தொடை இடுக்குக் காயத்தோடுதான் அவர் இறங்கினார். இடைமறித்த பந்தில் பென்ரித் ஒரு டிரை போட்டு 14–8 என்று முந்தியது. 75ஆவது நிமிடத்தில் சவுத் சிட்னியின் விங் வீரர் இடது மூலையில் டிரை போட்டார். முந்தைய ஆண்டு கிளப் கைவிட இருந்த அதே லா பெரூஸ்காரர். 14–12. டிரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதையை ஓரக் கோட்டிலிருந்து உதைத்துச் சமன் செய்ய வேண்டியவர் அணித்தலைவர். பந்து விலகிப் போனது. கடைசி நேரத்தில் தொலைவிலிருந்து இரண்டு புள்ளிக்காக எடுத்த ஃபீல்ட் கோல் முயற்சியும், அதாவது ஆட்டத்தின் ஓட்டத்திலேயே கம்பங்களுக்கு இடையே உதைப்பதும், எட்டவில்லை.

இரண்டு உள்ளூர்க்காரர்கள், ஒருவரை வைத்துக்கொண்டார்கள், ஒருவரை விட்டார்கள். அந்த உதை உள்ளே போய், கூடுதல் நேரத்தில் கிளப் வென்றிருந்தால், இந்த ஒப்பந்த விவகாரம் முழுவதும் வேறு தொனியில் பேசப்பட்டிருக்கும். முடிவின் தரத்தை விளைவை வைத்து அளப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

பின்விளைவுகள்: 2022 முதல் 2025 வரை

2022இன் முதல் சுற்றிலேயே பிரிஸ்பேனும் சவுத் சிட்னியும் மோதின. கொரோனா தொற்றால் அந்த ஹாஃப்பேக் ஆடவில்லை. பிரிஸ்பேன் 11–4 என்று வென்றது.

அந்தப் பருவத்தில் சவுத் சிட்னி ஒன்றும் சரிந்துவிடவில்லை. இளைய ஹாஃப்பேக்குடன் ஏழாம் இடம் பிடித்து, நாக் அவுட்டில் ரூஸ்டர்ஸையும் குரொனுல்லாவையும் வென்று, அரையிறுதியில் பென்ரித்திடம் தோற்றது. ஒரு கறை மட்டும்: பருவத்தின் நடுவில் ஓர் ஆட்டத்தில் அந்த இளைஞரைப் புதிய பயிற்சியாளர் முதல் பாதியிலேயே வெளியே அழைத்துவிட்டார். ஜாம்பவானின் இடத்தில் நிற்கும் இளைஞருக்கு அது என்ன செய்தியைத் தந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்பேன் அந்த ஆண்டு ஒன்பதாம் இடம். நாக் அவுட்டுக்கு எட்டு அணிகள்தான். முதலாண்டை மட்டும் பார்த்தவர் கிளப் சரியாகச் செய்தது என்றே சொல்லியிருப்பார்.

2023இல் தராசு மாறியது. பருவத்தின் முதற்பாதியில் பட்டியலின் உச்சியில் இருந்த சவுத் சிட்னி, ஒன்பதாம் இடத்துக்கு இறங்கி வெளியேறியது. பிரிஸ்பேன் இரண்டாம் இடம் பிடித்து, இறுதிப் போட்டியில் பென்ரித்திடம் 26–24 என்று தோற்றது. 2024இல் சவுத் சிட்னியின் இளைய ஹாஃப்பேக் சில சுற்றுகளிலேயே முதல் அணியிலிருந்து நீக்கப்பட்டு, இரண்டாம் நிலை ஆட்டத்தில் கால் உடைந்தது. ஏப்ரல் முடிவில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 17 அணிகளில் 16ஆம் இடம். அடுத்த ஆண்டு அந்த இளைஞர் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவுக்குப் போனார். 2021இல் வெளியேறிய மூத்த பயிற்சியாளரையே கிளப் 2025க்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. 14ஆம் இடம்தான் கிடைத்தது.

2025 அக்டோபரில் மெல்பர்னை 26–22 என்று வென்று பிரிஸ்பேன் பட்டம் வென்றது. அணித்தலைவர் அந்த ரெட்ஃபெர்ன்காரர்தான், வயது 35.

மதிப்பீடு

ஒரு ஹாஃப்பேக்கை விட்டதால் கிளப் 16ஆம் இடத்துக்குப் போனது என்று எழுதினால் வாசிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் அது பொய்யான கணக்கு. 2023, 2024 ஆண்டுகளில் முக்கிய வீரர்களின் காயமும் தடையும், நிர்வாகத்துக்கும் பயிற்சிக் குழுவுக்கும் இடையிலான உரசலும் பெரும்பங்கு வகித்தன. பிரிஸ்பேனின் எழுச்சிக்கும் அங்கே ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த இளைஞர்களே அடித்தளம். அவர் இல்லாத 2022இல் சவுத் சிட்னி ஏழாவது, அவர் இருந்த பிரிஸ்பேன் ஒன்பதாவது என்பதை விட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது.

ஓராண்டு மட்டும் என்ற முடிவு எடுக்கத்தக்க முடிவுதான் என்று நினைக்கிறேன். பிழை அதைச் சூழ்ந்திருந்தவற்றில் இருக்கிறது. முதலாவது, ஏற்கெனவே சொன்ன பயிற்சியாளர் மாற்றம். இரண்டாவது, வாரிசை ஆயத்தப்படுத்திய விதம். ஓராண்டு உறுதியை அவர் ஏற்றிருந்தால் 2022இல் இளையவர் பக்கத்தில் நின்று கற்றிருப்பார் என்பதே கிளப்பின் எதிர்பார்ப்பாக இருந்திருக்க வேண்டும். அவர் ஏற்காவிட்டால் என்ன என்பதற்கு மாற்றுத் திட்டம் எதுவும் வெளியில் தெரியவில்லை. மூன்றாவதுதான் நம் பொருளுக்கு நெருக்கமானது: உள்ளூர் அடையாளத்துக்குக் கிளப் என்ன விலை வைக்கிறது என்பதை எங்கும் எழுதிவைக்கவில்லை. மாரூப்ராக்காரருக்கு ஒன்று, லா பெரூஸ்காரருக்கு அழுத்தத்துக்குப் பின் ஒன்று, ரெட்ஃபெர்ன்காரருக்கு வேறொன்று. ஜெர்சி விற்கும் விளம்பரத்தில் உள்ளூர், ஒப்பந்த மேசையில் வயதுக் கணக்கு. இந்த இரட்டை நாக்குதான் ஆதரவாளர்களை எரிச்சலூட்டியது. அவர் போனது மட்டுமல்ல.

"விசுவாசம்" என்ற சொல்லை வீரரின் பக்கம் மட்டும் நீட்டுவது இந்த விளையாட்டில் நூறாண்டுப் பழக்கம். முதலில் விதி அவரைக் கட்டியது, பிறகு ஒப்பந்தம் கட்டியது. கட்டு அவிழ்ந்த பின் 1970களில் கிளப்பால் ஊதியம் தர முடியவில்லை. 1999இல் கிளப்பே வெளியேற்றப்பட்டது. 2021இல் கிளப் ஓராண்டுக்கு மேல் வாக்குத் தரவில்லை. மூன்று முறையும் முதலில் கைவிரித்தது அமைப்பு. வீரர் அதற்குப் பின்னரே மூட்டை கட்டினார்.

மாற்றக்கூடியவை

நவம்பர் 1க்கு முன்பே பேச்சு தொடங்கி முடிந்திருக்க வேண்டும். பிற கிளப்புகளின் கதவு திறந்த பிறகு ஓராண்டு என்று சொன்னால், அது பேரத்தின் தொடக்கமாகத் தெரியாது. வெளியே போகச் சொல்வதாகவே கேட்கும்.

ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் நடுவே இடம் இருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடினால் அடுத்த ஆண்டு தானாகவே உறுதியாகும் என்ற ஒப்பந்தம், உடல்நிலை பற்றிய அச்சத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும். இத்தகைய நிபந்தனைகள் இந்த விளையாட்டுக்குப் புதியவை அல்ல. ஆடும் காலம் முடிந்த பின் இளையோர் லீக்கிலோ பயிற்சிக் குழுவிலோ ஒரு பொறுப்பு என்பதையும் தனியாகப் பேசலாம். ஆனால் அதை ஊதியத்துக்கு ஈடாகக் காட்டினால் லீக்கின் தணிக்கையாளர்கள் உச்சவரம்புக்குள் கணக்கிட்டுவிடுவார்கள். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை.

பயிற்சியாளரும் ஹாஃப்பேக்கும் ஒரே பருவ முடிவில் போவதை எந்தக் கிளப்பும் தவிர்க்க வேண்டும். முடியாவிட்டால், ஓர் அனுபவமுள்ள மாற்று ஹாஃப்பேக்கை இரண்டாண்டுக்காவது வாங்கி, இளையவரை அவருக்குப் பின்னால் நிறுத்த வேண்டும்.

மிச்சமிருப்பது லீக்கின் கையில். ஒரே கிளப்பில் நீண்டகாலம் ஆடியவருக்கும் கிளப்பே வளர்த்தெடுத்தவருக்கும் உச்சவரம்பில் ஒரு சலுகை உண்டு. ஆனால் முதன்மை ஹாஃப்பேக்கின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது, அதையும் பல பேருக்குப் பங்கிட வேண்டும். மாவட்ட இளையோர் லீக்கில் தொடங்கி முதல் அணியில் பத்துப் பருவங்கள் ஆடியவரின் ஊதியத்தில் ஒரு பாதியை உச்சவரம்புக்கு வெளியே வைக்க அனுமதித்தால், 2021இல் சவுத் சிட்னியின் நிர்வாகி வேறு எண்ணோடு மேசைக்கு வந்திருக்க முடியும். பணக்காரக் கிளப்புகளுக்கு இது அனுகூலம் என்ற எதிர்வாதம் உண்டு. இளையோர் லீக்குக்கு எந்தக் கிளப் எவ்வளவு செலவிடுகிறது என்பதோடு சலுகையை இணைத்தால் அந்த வாதத்தின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும்.